காளிதாஸின் வெள்ளிக்கிழமைகள்

சிக்கல்
12.06.2023

மருமகள் உமாமகேஸ்வரிக்கு மாமனார் பூமிநாதன் எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் பேத்தி யுவராணியும் சுகமாக இருக்க வேண்டும். திருப்பூர்த் தண்ணீர் பிள்ளைக்கு ஒத்துக்கொள்கிறதா? காய்ச்சியே கொடு.

நீ பலமுறை போன் செய்ததாகப் பக்கத்து வீட்டு மருதுபாண்டி சொன்னான். இங்கே டவர் சரியில்லை. எடுத்தால் கொரகொரவென்று ஏதோ வருகிறது, பேச்சு வருவதில்லை. கம்பெனிக்குப் புகார் எழுதினேன். ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் நன்றாக எடுக்கிறதே என்று பதில் போட்டிருக்கிறான். எனக்கு எடுக்கவில்லை என்பதுதானே என் புகார்? ஆகையால் எதுவானாலும் கடிதமாகவே எழுது.

கம்ப்யூட்டர் விஷயம். சுவிட்சைப் போட்டுவிட்டு மிளகாய்க் கொல்லைக்குப் போய்த் திரும்பினாலும் திரை அப்படியே நிற்கிறது. பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடப்போகிறேன். அதில் சுழலுகிற தட்டு கிடையாது, ஊசி கிடையாது, எல்லாம் ஒரு சிப்பில் அடங்கிவிடும். புத்தகத்தில் படம் போட்டு விளக்கியிருக்கிறான். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். இந்தக் கம்ப்யூட்டரை எனக்கு எவனும் சொல்லித்தரவில்லை. இதையும் நானே செய்வேன்.

கோடை விடுமுறை முடிந்து கிளம்பும்போது, "பொட்டிக்குள்ள பல்லி கத்துற மாதிரி டக்கு டக்குனு சத்தம் வருது மாமா" என்று சொன்னாய். நீ போன பிறகு மூடியைக் கழற்றிவைத்து அரை நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. அது உன் பிரமை.

என் பிள்ளை காளிதாஸ் குவைத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் பேசியதை நீ காப்பி போட்டுக் கேட்டாய். தர மாட்டேன் என்று அப்போதே சொன்னேன். கோபித்துக்கொண்டு போனாய். அவன் கண் மூடி மூன்று வருஷம் கழித்தும் அவன் குரல் இருக்கிறதென்றால், பேசப் பேச நான் கம்ப்யூட்டரில் பதிந்துவைத்ததால் இருக்கிறது. அது இந்த வீட்டில்தான் இருக்கும். பிள்ளை தன் அப்பன் குரலைக் கேட்க வேண்டுமானால் அப்பன் வீட்டுக்கு வந்து கேட்கட்டும்.

நான் அதைப் போட்டுக் கேட்பதில்லை. மனம் தாங்காது. உள்ளே இருக்கிறது என்று தெரிந்தால் எனக்குப் போதும்.

ஆயுத பூஜைக்கு லீவு போட்டு வா.

பூமிநாதன்


திருப்பூர்
02.07.2023

மாமா அவர்களுக்கு உமா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலம். உங்களுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் மருதுபாண்டி அண்ணனிடம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாமா, காப்பி கேட்டது உங்களிடமிருந்து பறித்துக்கொள்ள இல்லை. என் பழைய போன் பஸ்ஸில் களவு போனதிலிருந்து என்னிடம் அவர் பேச்சு ஒரு வார்த்தைகூடக் கிடையாது. போன வாரம் யுவராணி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "எங்கப்பா எப்படிம்மா பேசுவாரு, பெருசாவா, சின்னதாவா?" என்று கேட்டாள். சத்தமாகவா, மெதுவாகவா என்கிறாள். நான் பேசிக் காட்டினேன். "அது நீ" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

சத்தம் பிரமை இல்லை மாமா. அடுப்படியில் இருந்தே எனக்குக் கேட்டது. தயவுசெய்து நீங்களே திறக்க வேண்டாம். ராமநாதபுரத்தில் பாக்கர் அண்ணனின் கம்ப்யூட்டர் கடை இருக்கிறது, உங்கள் மகனுடைய கூட்டாளி. அங்கே கொடுங்கள். அதற்கு முன்னால் அந்த வெள்ளிக்கிழமை ஃபோல்டரை மட்டுமாவது ஒரு பென் டிரைவில் ஏற்றி வையுங்கள். எனக்குத் தர வேண்டாம், உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும்.

போனில் நீங்கள் பேசுவது எனக்கு நன்றாகக் கேட்கிறது. நான் ஒன்று கேட்டால் நீங்கள் வேறொன்று சொல்கிறீர்கள். டவர் கோளாறுக்கு அப்படி வராது மாமா. இதற்கு மேல் எழுதினால் கோபப்படுவீர்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உமா


சிக்கல்
20.08.2023

உமாமகேஸ்வரிக்கு, நான் நலம், உங்கள் நலம் எழுது.

உன் கடிதம் வந்து பல நாளாகிறது. பதில் எழுதப் பிடிக்கவில்லை.

பென் டிரைவ் எவன் பையிலும் போகும். ஒன்று என்றால் ஒன்றாக இருக்க வேண்டும். எஸ்எஸ்டி வந்த பிறகு உள்ளதை உள்ளபடியே அதில் பெயர்த்து வைத்துவிடுவேன். பிறகு பயம் எதற்கு?

பாக்கர் கடைக்குப் போனேன். எஸ்எஸ்டியும், இரண்டையும் இணைக்கிற வயரும் வாங்கினேன். "பொட்டியக் கொண்டாங்க அய்யா, நானே மாத்தித் தாரேன்" என்றான். "ஏலே, நீ பொறக்கும்போதே நான் ரேடியோவக் கழட்டி மாட்டுனவன்" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்தான். இந்தக் காலத்துப் பையன்கள் எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். நீயும் அப்படித்தான் பேசுகிறாய். பேத்தி ஒருத்திதான் வாயைத் திறந்து பேசுவாள், அவளையும் கெடுத்துவிடாதே.

விஜயதசமி அன்று வேலையைத் தொடங்குவேன். நல்ல நாள். முதல் நாள் ஆயுத பூஜைக்கு நீங்கள் இருக்க வேண்டும். மிளகாய் நாற்றுக்கு மழை பார்த்துக்கொண்டிருக்கிறோம். மேகம் வருகிறது, சாயல்குடிப் பக்கம் திரும்பிக் கடலுக்குப் போய்விடுகிறது.

பூமிநாதன்


திருப்பூர்
24.09.2023

மாமா அவர்களுக்கு உமாவின் வணக்கம். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அங்கும் அப்படியே இருக்கக் கும்பிடுகிறேன். லீவு கிடைத்துவிட்டது. பூஜைக்கு முந்தின நாள் காலையில் ராமநாதபுரம் இறங்கி, அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவோம். யுவராணி இப்போதே பையை எடுத்து வைத்துவிட்டாள். அப்பா பேசுகிற பெட்டியைப் பார்க்கப் போகிறேன் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள்.

நாங்கள் வருகிறவரை அதை ஓட விடாதீர்கள் மாமா. அணைத்தே வையுங்கள்.

உமா


சிக்கல்
30.10.2023

உமாமகேஸ்வரிக்கு.

நீங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக மருதுபாண்டி சொன்னான். பிள்ளைக்கு வழியில் வாந்தி எதுவும் இல்லையே?

அன்று பிள்ளை அழுததால் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது எழுதுகிறேன்.

பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, அரிவாள், மண்வெட்டி, மிளகாய்த் தராசு எல்லாவற்றோடும் வாழையிலையில் வைத்தேன். சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தது நீ. நீங்கள் போன பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். டிஸ்கின் தலையில் ஒரு சிறு துவாரம் இருக்கிறது. உள்ளே காற்று போய்வருவதற்கு. பக்கத்திலேயே 'இந்தத் துவாரத்தை மூடாதே' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறான். நீ பத்தாவது படித்தவள். உன் சந்தனம் சரியாக அந்தத் துவாரத்தின் மேல் காய்ந்து அடைத்திருக்கிறது. கட்டைவிரல் அளவுக்குப் பூசியிருக்கிறாய்.

மறுநாள் வயரை மாட்டினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. பாதிகூடப் பெயரவில்லை, நின்றுவிட்டது. அதன் பிறகு எத்தனை முறை மாட்டினாலும் டிஸ்கே இல்லை என்கிறது திரை.

இத்தனை வருஷம் உப்புக் காற்றிலும் தூசியிலும் காப்பாற்றி வைத்திருந்தேன். ஒரு சொட்டுச் சந்தனத்தில் என் பிள்ளையை மூச்சடைக்க வைத்துவிட்டாய்.

காப்பி கேட்டாய், தரவில்லை. அந்தக் கோபம் கைக்கு வந்துவிட்டதோ என்னவோ.

பூமிநாதன்


திருப்பூர்
19.11.2023

மாமா அவர்களுக்கு.

உங்கள் உடம்பு நன்றாக இருக்க வேண்டும். தீபாவளிக்கு உங்களுக்கு எடுத்த வேட்டியை அனுப்பவில்லை. அனுப்ப மனம் வரவில்லை.

டிஸ்கை இலையில் வைத்தது நீங்கள். "எல்லாத்துக்கும் வையி தாயி, இது காளிதாஸ் இருக்குற பொருளு, இதுக்கு நல்லாக் குளிர வையி" என்று சொன்னதும் நீங்கள். அப்படிச் சொன்னதால்தான் அதற்கு மட்டும் நிறைய வைத்தேன். எனக்கு அவர் நெற்றியில் பூசுவது போல இருந்தது. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறேன்.

ஆனால் உண்மையை எழுதிவிடுகிறேன். நான் பாக்கர் அண்ணனிடம் போனில் கேட்டேன். "சந்தனத்தால ஒரே நாள்ல போகாதும்மா. எத்தனை மாசமாக் கத்துச்சு?" என்று கேட்டார். சித்திரையிலிருந்து என்றேன். உள்ளே ஊசி தேய்ந்து தட்டில் உரசியிருக்கிறது, அப்போதே நிறுத்தியிருந்தால் எல்லாம் வந்திருக்கும் என்றார்.

விஜயதசமி அன்று நீங்கள் மாட்டியதும் அது கத்தியது மாமா. டக்கு டக்கென்று வீடு முழுக்கக் கேட்டது. யுவராணி காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். "நிறுத்துங்க மாமா, சத்தம் போடுது" என்று உங்கள் தோளைத் தொட்டுச் சொன்னேன். "எங்கன சத்தம்? சும்மா இரு" என்றீர்கள். சாயங்காலம் வரை மாட்டிக்கொண்டே இருந்தீர்கள். உங்கள் கைக்குக் கீழே அது அலறிக்கொண்டே இருந்தது. உங்களுக்குக் கேட்கவில்லை. டவருக்கு ஒன்றுமில்லை. உங்களுக்குக் காது கேட்கவில்லை மாமா. ஊருக்கே தெரியும். உங்களிடம் சொல்லப் பயந்துகொண்டு இருக்கிறார்கள்.

என்மேல் பழி போட்டால் போட்டுக்கொள்ளுங்கள். டிஸ்கை மட்டும் பாக்கர் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். சென்னையில் டிஸ்கைப் பிரித்து எடுக்கிற இடம் இருக்கிறதாம். உங்கள் காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்காக இல்லை.

உமா


சிக்கல்
21.01.2024

உமாமகேஸ்வரிக்கு.

பொங்கல் கழிந்தது. கரும்பு அனுப்பினேன், கிடைத்ததா என்று எழுதவில்லை.

என் காதைப் பற்றி யாரும் எழுத வேண்டாம். கோயில் மணி எனக்குக் கேட்கிறது.

டிஸ்கை மார்கழியில் பாக்கரிடம் கொடுத்துவிட்டேன். நீ சொன்னதற்காக இல்லை, எனக்கே தோன்றியது. துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்தில் இருந்தவன், "என்ன அய்யா, புள்ளையத் தூக்குற மாதிரி வச்சிருக்கீக" என்று என் காதோரம் வந்து கத்தினான். இதைத்தான் சொல்கிறேன், வாயைத் திறந்து பேசினால் கேட்கிறது.

பாக்கர் சென்னைக்கு அனுப்பியிருக்கிறான். வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை என்று சீட்டில் எழுதிக் கொடுத்தான். அவனிடம் ஒன்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கிடைப்பதை என் எஸ்எஸ்டியில் மட்டும்தான் ஏற்ற வேண்டும். கடையில் ஒரு காப்பியும் தங்கக்கூடாது, சென்னையிலும் தங்கக்கூடாது. என் வீட்டுப் பேச்சு கண்டவன் பெட்டியில் கிடக்கக்கூடாது. சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

கிடைப்பதை ஏற்றுவதற்காகச் சிபியுவையும் எஸ்எஸ்டியையும் அவன் ஆள் வந்து எடுத்துப்போனான். வீட்டில் சிபியு இருந்த இடம் காலியாகக் கிடக்கிறது. அந்தப் பக்கம் நான் போவதில்லை.

பேத்தியின் பள்ளிக்கூடப் போட்டோ ஒன்று அனுப்பு.

பூமிநாதன்


திருப்பூர்
25.02.2024

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

நலமா? சாப்பிட்டீர்களா? இந்தக் கடிதத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் பாக்கர் அண்ணன் போன் செய்தார். "தங்கச்சி, வந்துருச்சும்மா. எல்லாம் வரலை, பாதிக்கு மேல வந்துருச்சு. சரியா இருக்கானு ஒரு தடவ கேட்டுச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துவிட்டார். மாமா, யுவராணி அப்பா பேசினார். பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி பேசினார். நான் பனியன் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். மணி அடித்தது, சூப்பர்வைசர் வந்து நின்றார், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

ஒரு காப்பி அனுப்புங்கள் அண்ணே என்று கெஞ்சினேன். "அல்லாஹ் மேல சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேம்மா. பெரியவரு வந்து வாங்குனதும் இங்கன இருக்குறதையும் அழிச்சிருவேன். நீ அவருகிட்டயே வாங்கிக்க" என்றார். சரி, இனி பயமில்லை என்று விட்டுவிட்டேன். வீட்டுக்குத்தானே வருகிறது.

சந்தனத்தைப் பற்றி, காதைப் பற்றி நான் எழுதியதெல்லாம் இருக்கட்டும். சித்திரை லீவுக்கு வருகிறோம். யுவராணியை நடுவில் உட்கார வைத்து மூன்று பேரும் கேட்போம்.

பாக்கர் அண்ணன் உங்களுக்கு ஆள் அனுப்பித் தகவல் சொல்வதாகச் சொன்னார். உடனே போய் வாங்கி வந்துவிடுங்கள்.

உமா


சிக்கல்
10.03.2024

உமாமகேஸ்வரிக்கு, நான் நலம்.

உன் பாக்கர் நம்மை ஏமாற்றிவிட்டான். இப்படி எழுத எனக்குச் சந்தோஷமில்லை.

எஸ்எஸ்டியைச் சிபியுவில் மாட்டிக் கொடுத்தான். கடையில் போட்டுக் காட்டினான், தலையை ஆட்டிவிட்டு வாங்கி வந்தேன். கடை இரைச்சலில் என்ன தெரியும்? வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டேன். பெயர் சரியாக இருக்கிறது. தேதி சரியாக இருக்கிறது. கோடு ஓடுகிறது. உள்ளே ஒன்றுமில்லை. எல்லாவற்றிலும் ஒரே இரைச்சல். உப்பளத்தில் ஆடி மாதம் காற்று அடிக்குமே, அந்த இரைச்சல். சத்தத்தைக் கடைசி வரைக்கும் ஏற்றினேன். ஹெட்செட்டை மாற்றிப் பார்த்தேன். நாலு நாள் உட்கார்ந்து அத்தனையும் போட்டேன். என் பிள்ளை ஒன்றில்கூட இல்லை.

மருதுபாண்டியைக் கூப்பிடலாமா என்று நினைத்தேன். எதற்கு? ஏமாந்ததை ஊருக்குக் காட்டவா?

உனக்குப் போனில் எதையோ போட்டுக் காட்டி அழ வைத்திருக்கிறான். டப்பாவுக்குள் காற்றை அடைத்துக் கொடுத்திருக்கிறான். இதில் ஏமாற்றினவன் எதில் ஏமாற்ற மாட்டான்? அவன் போட்டுக் கொடுத்த விண்டோஸும் எனக்கு வேண்டாம் என்று எல்லாவற்றையும் ஃபார்மட் செய்து துடைத்துவிட்டு நானே புதிதாகப் போட்டேன். ஒருவன் உதவியும் இல்லை.

இப்போது சுவிட்சைப் போட்டுக் கையை எடுப்பதற்குள் திரை வந்து நிற்கிறது. நீ பார்த்தால் ஆச்சரியப்படுவாய். இடம் நிறைய இருக்கிறது. பேத்தி வந்தால் அவள் பேசுவதைப் பதிந்து வைப்பேன். அப்பனுடையது போய்விட்டது, பிள்ளையுடையதாவது இருக்கட்டும்.

சித்திரைக்கு எந்தத் தேதியில் வருகிறீர்கள்?

பூமிநாதன்


திருப்பூர்
28.04.2024

மாமா அவர்களுக்கு,

நீங்கள் உடல் நலத்தோடு இருக்க வேண்டும். யுவராணி நன்றாக இருக்கிறாள்.

லீவுக்கு நாங்கள் வரவில்லை. ஏன் என்று நீங்களும் எழுதிக் கேட்கவில்லை. இத்தனை நாளாக எழுத உட்கார்வேன், தாளைக் கிழித்துவிடுவேன்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே பாக்கர் அண்ணனிடம் பேசினேன். ஹார்ட் டிஸ்காக இருந்தால் துடைத்த பிறகும் தோண்டி எடுக்கலாமாம். எஸ்எஸ்டியில் துடைத்தால் துடைத்ததுதானாம். சென்னையில் வேலை முடிந்ததும் அழித்துவிட்டார்கள். பழைய தட்டு இன்னொரு முறை பிரிக்கத் தாங்காது. பாக்கர் அண்ணனும் உங்களுக்குக் கொடுத்த சத்தியப்படி அழித்துவிட்டார். இதைச் சொல்லும்போது அவரும் அழுதார். அவர் ஏமாற்றவில்லை மாமா. அந்த ஃபைல்களில் உங்கள் மகன் இருந்தார். அந்த இரைச்சல் ஃபைலில் இல்லை. அது உங்கள் காதுக்குள் இருக்கிறது.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. பொய் எழுதப் பிடிக்கவில்லை.

ஆனால் நான் ஒருத்திதான் கடைசியாகக் கேட்டவள். மறந்துபோவதற்குள் எங்காவது வைக்க வேண்டும். உங்களிடமும் வைக்கிறேன். போனில் கேட்டதில் ஒன்று இது. அப்போது யுவராணி கைக்குழந்தை, ஐப்பசி மாதம்.

"அய்யா, மழை உண்டா அங்கன?" என்று கேட்கிறார்.

நீங்கள், "ராமநாதபுரம் போய்த்தான் வாங்கணும். இங்கன கிடைக்கலை" என்கிறீர்கள்.

"மழை அய்யா, மழை! வெதச்சதுக்கு மழை பெஞ்சுச்சானு கேக்குறேன்!"

"கேக்குது, கேக்குது. கத்தாத. பக்கத்துல இருக்குற மாதிரி கேக்குது. நீ வேளைக்குச் சாப்புடு."

அவர் சிரிக்கிறார். உங்களைக் கேலி செய்கிற சிரிப்பு இல்லை மாமா. மூக்கால் சிரிப்பாரே, அது. பிறகு, "உமா, புள்ளைய மைக்குக்கிட்ட கொண்டா" என்கிறார். நாக்கைத் தட்டிச் சத்தம் போடுகிறார். பிள்ளை 'ஆ' என்கிறாள். "ஏ யுவராணி, பெரியவளானதும் யாருகூட வேணாலும் சண்ட போடு. உங்க தாத்தாகூட மட்டும் போடாத. ஒன்னால செயிக்க முடியாது. அந்த மனுசன் தோத்ததா ஒத்துக்கிட்டாத்தான நாம செயிக்கிறது?" என்கிறார்.

நான் சிரிக்கிறேன். என் சிரிப்பே எனக்கு யாரோ மாதிரி இருந்தது. நீங்கள் பின்னால் இருந்து, "ஆமா, சனிக்கெழமை பஸ் உண்டு" என்கிறீர்கள். அதற்கு அவர் இன்னும் சிரிக்கிறார்.

இதை யுவராணிக்குப் படித்துக் காட்டினேன். நாக்கைத் தட்டிய இடத்தை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னாள்.

பாக்கர் அண்ணன் போட்டுக் காட்டியதில் வேறு இரண்டு பேச்சும் இருந்தன. இன்று இதற்கு மேல் எழுத முடியவில்லை.

உமா


சிக்கல்
06.05.2024

உமாமகேஸ்வரிக்கு மாமனார் எழுதுவது.

நீயும் பேத்தியும் நன்றாக இருங்கள். எனக்குக் குறை ஒன்றுமில்லை.

கடிதம் கிடைத்தது. மருதுபாண்டி வந்து எட்டிப் பார்த்தான். யார் கடிதம் என்று கேட்டான் போலிருக்கிறது. காளிதாஸ் பேசியிருக்கிறான் என்று சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனான்.

பாக்கரிடம் போகவில்லை. போக வேண்டியது இருக்கிறது.

மழை உண்டா என்று அவன் கேட்டது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அந்த ஐப்பசியில் மழை இல்லை. விதைத்தது முளைக்காமல் வெயிலில் கருகியது. கார்த்திகை கடைசியில்தான் பெய்தது. மறுபடி விதைத்தோம். அவன் தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறான். நான் பதில் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

மீதி இரண்டையும் எழுது. நான் சொன்னதையும் விடாமல் எழுது, நான் என்ன பதில் சொன்னேன் என்று பார்க்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்க வேண்டாம். கண் எனக்கு நன்றாகத் தெரிகிறது.

பூமிநாதன்